ஆட்டோகேடில் முதல் கோட்டுக்கு முன்: இயந்திர வரைபடத்துக்கான அமைப்புகளைச் செய்துகொள்ளும் முறை

கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடைத் திறந்த உடனே கோடு போடத் தொடங்குவது புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்வது. திரையில் வரைபடம் ஒழுங்காகத்தான் தெரியும். அச்சிட்டுக் கையில் எடுத்த பிறகுதான் மறைகோடு (பொருளில் மறைந்திருக்கும் விளிம்பைக் காட்டும் துண்டுக்கோடு) முழுக்கோடாக விழுந்திருப்பதும், அளவெண்கள் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்திருப்பதும், வெளிக்கோடும் அளவுக்கோடும் ஒரே தடிமனில் இருப்பதும் கண்ணில் படும். திரையைப் பார்த்து வரைந்ததால் வரும் குறைகள் இவை. இந்த மென்பொருளில் நாம் மாற்ற வேண்டிய எண்களில் பெரும்பாலானவை தாளைச் சார்ந்தவை. தாளின் அளவையும் அளவு விகிதத்தையும் முதலில் முடிவு செய்துவிட்டால், கோட்டின் தடிமன், எழுத்தின் உயரம், மறைகோட்டின் துண்டு நீளம் ஆகிய அனைத்தும் அந்த இரண்டு முடிவுகளிலிருந்தே கிடைத்துவிடும். அந்த வரிசையிலேயே இந்தக் கட்டுரை செல்கிறது.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். மென்பொருளில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். எடுத்துக்காட்டாக 300 மி.மீ நீளம், 160 மி.மீ அகலம், 180 மி.மீ உயரம் கொண்ட ஒரு பேரிங் ஹவுசிங்கை (பேரிங்கைத் தாங்கும் கூட்டை) வைத்துக்கொள்வோம். அதன் முன்பார்வை, மேற்பார்வை, பக்கப்பார்வை மூன்றையும் ஒரே தாளில் வரைய வேண்டும்.

தாளும் விகிதமும்

ஏ3 தாள் 420 × 297 மி.மீ. இடப்பக்கம் கோப்பில் சேர்ப்பதற்காக 20 மி.மீ, மற்ற மூன்று பக்கமும் 10 மி.மீ ஓரம் விட வேண்டும் என்பது சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 5457 தரம். அப்படி விட்ட பிறகு எல்லைக்கோட்டுச் சட்டத்துக்குள் 390 × 277 மி.மீ எஞ்சுகிறது. ஹவுசிங்கை 1:1 விகிதத்தில் வரைந்தால் முன்பார்வைக்கு 300 மி.மீ, பக்கப்பார்வைக்கு 160 மி.மீ என்று அகலம் மட்டுமே 460 மி.மீ ஆகிவிடும், சட்டத்துக்குள் அடங்காது. 1:2 விகிதத்தில் அகலம் 230 மி.மீ, உயரம் 170 மி.மீ. மீதமுள்ள இடம் பார்வைகளுக்கு இடையில் அளவுகளை எழுதப் போதுமானது. தரம் அனுமதிக்கும் விகிதங்கள் 1:2, 1:5, 1:10 என்ற வரிசையில் செல்கின்றன. இடம் போதவில்லை என்பதற்காக 1:3 என்றோ 1:4 என்றோ வைத்துக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும்.

இந்தியத் தர நிறுவனத்தின் எஸ்பி 46 கையேடு பொறியியல் வரைபடத்துக்கு, பார்வைகளைத் தாளில் அடுக்கும் முறைகளில் ஒன்றான முதல் கோண வீழலைப் பின்பற்றுகிறது. இதில் மேற்பார்வை முன்பார்வைக்குக் கீழே வரும். இடப்பக்கத்திலிருந்து பார்க்கும் பார்வை முன்பார்வைக்கு வலப்பக்கம் வரும். ஆகவே தாளின் வலது கீழ்மூலை தானாகவே காலியாகிறது. வரைபடத்தின் பெயர், எண் போன்ற விவரங்களை எழுதும் கட்டமான டைட்டில் பிளாக்குக்குத் தரம் குறிக்கும் இடமும் அதுவே. அதன் அகலம் 180 மி.மீ என்று ஐஎஸ்ஓ 7200 சொல்கிறது. ஏ4 தாளின் 210 மி.மீ அகலத்தில் ஓரங்களுக்கான 30 மி.மீ போக எஞ்சுவதும் இதே 180 என்பதால், ஒரே டைட்டில் பிளாக்கை எல்லாத் தாள்களிலும் பயன்படுத்த முடிகிறது.

இங்கே இன்னொன்றையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ வரிசைத் தாள்களில் ஒரு தாளின் பக்க நீளம் அடுத்த சிறிய தாளின் பக்க நீளத்தைப் போல √2 மடங்கு, அதாவது ஏறத்தாழ 1.4 மடங்கு. கோட்டுத் தடிமன்கள் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று செல்வதும், எழுத்து உயரங்கள் 2.5, 3.5, 5, 7, 10 என்று செல்வதும் அதே விகிதத்தில்தான். ஏ2 தாளில் 0.5 மி.மீ கோட்டுடனும் 5 மி.மீ எழுத்துடனும் வரைந்ததை ஏ3 தாளுக்குச் சுருக்கினால், கோடு 0.35 ஆகவும் எழுத்து 3.5 ஆகவும் மாறி, மறுபடியும் தரம் சொல்லும் வரிசைக்குள்ளேயே வந்து நிற்கும். வரைபடத் தரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இசைவு. இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மில்லிமீட்டரில் தொடங்குதல்

புதிய கோப்பைத் திறக்கும்போது மென்பொருள் எந்த டெம்ப்ளேட்டிலிருந்து (முன்னமைத்த மாதிரிக் கோப்பிலிருந்து) தொடங்கலாம் என்று கேட்கும். அகேட் என்ற பெயருள்ள டெம்ப்ளேட் அங்குல முறைக்கானது. அகேட்ஐஎஸ்ஓ என்பதே மில்லிமீட்டர் முறைக்கானது. இரண்டும் திரையில் ஒரே மாதிரி இருப்பதால் தவறு உடனே தெரியாது. ஆனால் அங்குல டெம்ப்ளேட்டில் மில்லிமீட்டர் எண்களை இட்டு வரைந்தால், கோட்டு வகைகளும், வெட்டுப்பகுதியை நிரப்பும் ஹேட்ச் வடிவங்களும் அங்குலக் கோப்பிலிருந்து எடுக்கப்படும். அப்போது ஹேட்ச் கோடுகள் 3.175 அலகு இடைவெளிக்குப் பதில் 0.125 அலகு இடைவெளியில் விழுந்து, வெட்டுப்பகுதி முழுவதும் கருத்துப்போகும். இது நடந்துவிட்டால் மெஷர்மென்ட் என்ற மாறியின் (கட்டளையைப் போலவே தட்டச்சிட்டு மாற்றும் அமைப்பின்) மதிப்பை 1 ஆக்க வேண்டும். ஏற்கெனவே ஏற்றப்பட்ட கோட்டு வகைகள் அதனால் தாமாக மாறாது. அவற்றை மறுபடியும் ஏற்ற வேண்டும். ஆகவே சரியான டெம்ப்ளேட்டில் தொடங்குவதே எளிது.

அடுத்து யூனிட்ஸ் கட்டளையைக் கொடுங்கள். நீளத்துக்கு டெசிமல், துல்லியம் இரண்டு தசம இடம், கோணத்துக்கு டெசிமல் டிகிரி, செருகும் அலகுக்கு மில்லிமீட்டர் என்று வையுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். வேறு கோப்பிலிருந்து ஒரு பிளாக்கை (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த வடிவத்தை) கொண்டுவரும்போது, இரண்டு கோப்புகளின் அலகையும் ஒப்பிட்டு மென்பொருள் அதைப் பெருக்கும் அல்லது வகுக்கும். எம்16 போல்ட்டின் தலை எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையில் 24 மி.மீ. அந்த போல்ட் பிளாக் உள்ள கோப்பில் மில்லிமீட்டர் அளவில் வரைந்துவிட்டு அலகு மட்டும் அங்குலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், உங்கள் வரைபடத்துக்குள் அது 25.4 மடங்காகி 609.6 மி.மீ அகலத்தில் வந்து, ஹவுசிங்கைப் போல இரண்டு மடங்கு பெரிதாக நிற்கும். அப்போது பிளாக்கைக் கையால் சுருக்கிச் சமாளிக்காமல், மூலக் கோப்பின் அலகைத் திருத்துங்கள்.

பொருளை வரையும் இடமான மாடல் ஸ்பேஸில் எப்போதும் உண்மை அளவிலேயே வரைய வேண்டும். 300 மி.மீ நீளத்தை 300 என்றே கொடுங்கள். 1:2 என்ற விகிதம் தாளில் வைக்கும்போது மட்டுமே வரும்.

லேயர்கள்

ஐஎஸ்ஓ 128 தரத்தில் 0.5 கோட்டுக் குழு ஏ3 தாளுக்குப் பொருத்தமானது. இதில் தடித்த கோடு 0.5 மி.மீ, மெல்லிய கோடு 0.25 மி.மீ, எழுத்துகளும் குறியீடுகளும் 0.35 மி.மீ. லேயர் என்பது ஒரே வகைக் கோடுகளைச் சேர்த்து வைக்கும் அடுக்கு. லேயர் கட்டளையைக் கொடுத்து, கண்ணுக்குத் தெரியும் வெளிக்கோட்டுக்கு 0.5 தடிமனில் ஒரு லேயரும், மறைகோடு, மையக்கோடு, ஹேட்ச் ஆகிய மூன்றுக்கும் 0.25 தடிமனில் தனித்தனி லேயர்களும், எழுத்துக்கும் அளவுக்கும் 0.35 தடிமனில் ஒவ்வொரு லேயரும் உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறம் கொடுப்பது திரையில் பிரித்தறிவதற்காக மட்டுமே.

பூஜ்ஜியம் என்ற பெயருள்ள லேயரில் எதையும் வரைந்து வைக்காதீர்கள். பிளாக்குகளை உருவாக்குவதற்கு அது பயன்படும். முதல் அளவைக் குறித்ததும் டெஃப்பாயிண்ட்ஸ் என்ற லேயர் தானாகத் தோன்றும். அதில் உள்ள எதுவும் அச்சாகாது. திரையில் தெரிந்த கோடு தாளில் காணவில்லை என்றால், அது தவறுதலாக இந்த லேயரில் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள்.

நிறம், கோட்டு வகை, தடிமன் மூன்றும், லேயருக்குக் கொடுத்ததையே ஏற்கும் பைலேயர் என்ற நிலையிலேயே இருக்கட்டும். ஒரு கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்குத் தனி நிறமோ தடிமனோ கொடுக்கும் பழக்கம் தொடக்கத்தில் வசதியாகத் தோன்றும். ஆனால் பின்னால் அந்த வரைபடத்தைத் திருத்துபவருக்கு லேயர் பட்டியல் ஒன்றைச் சொல்லும், திரை வேறொன்றைக் காட்டும்.

மறைகோடு ஏன் முழுக்கோடாகத் தெரிகிறது

புதியவர்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மறைகோட்டின் ஒரு துண்டு, கோட்டுத் தடிமனைப் போல 12 மடங்கும், இடைவெளி 3 மடங்கும் இருக்க வேண்டும் என்பது தரம். ஆட்டோகேடில் ஐஎஸ்ஓ 02 டபிள்யூ 100 என்று முடியும் பெயருள்ள கோட்டு வகை, துண்டு 12, இடைவெளி 3 என்றே எழுதப்பட்டிருக்கிறது. பெயரில் உள்ள 100 என்பது 1.00 மி.மீ தடிமனைக் குறிக்கிறது. அதாவது 1 மி.மீ தடிமனுள்ள கோட்டுக்குத்தான் அந்த எண்கள் அப்படியே பொருந்தும். நம் மெல்லிய கோடு 0.25 மி.மீ. ஆகவே எல்டிஸ்கேல் என்ற மாறியை 0.25 ஆக வைக்க வேண்டும். துண்டு 3 மி.மீ, இடைவெளி 0.75 மி.மீ ஆகிவிடும். கோட்டுத் தடிமன் எவ்வளவோ அதுவே எல்டிஸ்கேலின் மதிப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மையக்கோட்டுக்கு அதே குடும்பத்தின் 04 என்ற எண்ணுள்ள வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்டிஸ்கேல் 1 ஆகவே இருந்தால் என்ன ஆகும்? ஹவுசிங்கில் 20 மி.மீ ஆழமுள்ள ஒரு துளையின் மறைந்த விளிம்பு 1:2 விகிதத்தில் தாளில் 10 மி.மீ நீளம் மட்டுமே. 12 மி.மீ துண்டு ஒன்றுகூட அதற்குள் அடங்காது. துண்டும் இடைவெளியும் அடங்காத கோட்டை மென்பொருள் முழுக்கோடாக வரைந்துவிடுகிறது.

பிஎஸ்எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல் என்ற இரண்டு மாறிகளும் 1 ஆக இருக்க வேண்டும். முதலாவது, வியூபோர்ட்டின் (மாடல் ஸ்பேஸைத் தாளில் காட்டும் சாளரத்தின்) விகிதம் எதுவானாலும் தாளில் துண்டு நீளம் மாறாமல் காக்கிறது. இரண்டாவது, மாடல் ஸ்பேஸில் அதே தோற்றத்தைக் காட்டுகிறது. அதற்குத் திரையின் கீழ்ப்பட்டியில், எழுத்துக்கும் அளவுகளுக்கும் உரிய அன்னோட்டேஷன் விகிதத்தை 1:2 என்று மாற்றியிருக்க வேண்டும். மாற்றிய பிறகு ரீஜென்ஆல் கட்டளையைக் கொடுத்தால்தான் திரை புதுப்பிக்கப்படும். அதைக் கொடுக்காமல் மாறியை மீண்டும் மீண்டும் திருத்திக் குழம்புபவர்கள் உண்டு.

எழுத்து வடிவம்

ஸ்டைல் கட்டளையில் ஐஎஸ்ஓசிபி என்ற எஸ்எச்எக்ஸ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இவ்வகை எழுத்து ஒற்றைக் கோட்டால் ஆனது. ஆகவே அது லேயரின் தடிமனை ஏற்கும். எழுத்தின் கோட்டுத் தடிமன் அதன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது ஐஎஸ்ஓ 3098 சொல்லும் பி வகை எழுத்துக்கான விதி. 3.5 மி.மீ எழுத்துக்கு 0.35 மி.மீ தடிமன். எழுத்துக்கான லேயருக்கு நாம் 0.35 கொடுத்தது அதனால்தான். கணினியில் வழக்கமாகப் பயன்படும் ட்ரூடைப் எழுத்துருக்கள் லேயரின் தடிமனைப் பொருட்படுத்துவதில்லை.

ஸ்டைலில் உயரத்தை 0 என்றே விடுங்கள். அங்கே ஏதேனும் எண்ணை இட்டால், டைமென்ஷன் ஸ்டைலில் நீங்கள் கொடுக்கும் எழுத்து உயரம் செல்லாமல் போய்விடும். எத்தனை முறை மாற்றினாலும் அளவெண் அசையாது.

டைட்டில் பிளாக்கிலோ குறிப்புகளிலோ தமிழ் எழுத வேண்டுமானால், மென்பொருளுடன் வரும் எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்கள் உதவாது. நிர்மலா, லதா போன்ற ஒருங்குறி எழுத்துருவைக் கொண்டு தனி ஸ்டைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். கோப்பை வாங்குபவரின் கணினியிலும் அந்த எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாத இடத்துக்கு பிடிஎஃப் ஆகவே அனுப்புவது பாதுகாப்பானது.

அளவுகளைக் குறிக்கும் முறை

டிம்ஸ்டைல் கட்டளையைக் கொடுத்து, ஐஎஸ்ஓ-25 என்ற ஸ்டைலிலிருந்து புதியதொன்றை உருவாக்கிப் பெயரிடுங்கள், மூலத்தைத் திருத்தாதீர்கள். அதன் பெயரில் உள்ள 25 என்பது 2.5 மி.மீ எழுத்தைக் குறிக்கிறது. எழுத்து உயரத்தை 3.5 ஆகவும், அம்புக்குறியை 3 ஆகவும், பொருளிலிருந்து அளவுக்கோடு வரை செல்லும் நீட்டல் கோடு அளவுக்கோட்டைத் தாண்டும் நீளத்தை 2 ஆகவும் மாற்றுங்கள். இணை அளவுக்கோடுகளுக்கு இடையிலான தூரம் 3.75 என்று இருக்கும், 3.5 மி.மீ எழுத்துக்கு அது போதாது, 8 ஆக்குங்கள். மூடி நிரப்பிய அம்புக்குறியின் நீளமும் அகலமும் ஏற்கெனவே 3:1 என்ற விகிதத்தில் இருப்பதால் வேறு வடிவம் தேட வேண்டியதில்லை.

அளவுக்கான லேயருக்கு 0.35 கொடுத்திருக்கிறோம். எண்களுக்கு அது சரி, கோடுகளுக்கு 0.25 வேண்டும். லைன்ஸ் பக்கத்தில் அளவுக்கோடு, நீட்டல் கோடு இரண்டுக்கும் தடிமனை 0.25 என்று தனியாகக் குறித்துவிட்டால், ஒரே அளவில் எண் 0.35 தடிமனிலும் கோடு 0.25 தடிமனிலும் அச்சாகும்.

தசமக்குறி இந்த ஸ்டைலில் காற்புள்ளியாக இருக்கும். ஐரோப்பிய வழக்கில் 12,5 என்றால் பன்னிரண்டரை. நம் பட்டறைகளில் புள்ளியைப் பார்த்தே பழகியவர்கள் அதை இரண்டு எண்களாகவோ 125 ஆகவோ படிக்க வாய்ப்பிருக்கிறது. பிரைமரி யூனிட்ஸ் பக்கத்தில் அதைப் புள்ளியாக மாற்றுவதை ஒருபோதும் மறக்காதீர்கள். அதே பக்கத்தில் துல்லியம் இரண்டு தசம இடம், பின்வரும் பூஜ்ஜியங்களை நீக்கு என்று வைத்தால் 90 என்பது 90 ஆகவும், 12.5 என்பது 12.5 ஆகவும் எழுதப்படும். முன்வரும் பூஜ்ஜியத்தை மட்டும் நீக்காதீர்கள்; 0.5 என்பது .5 என்று அச்சாகி, மங்கலான நகலில் புள்ளி மறைந்துவிட்டால் 5 ஆகிவிடும்.

ஃபிட் பக்கத்தில் அன்னோட்டேட்டிவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு 3.5 என்பது எந்த விகிதத்திலும் தாளில் 3.5 மி.மீ ஆகவே விழும். வியூபோர்ட்டில் அளவுகள் காணாமல் போனால், அளவுகளுக்கு உரிய விகிதமும் வியூபோர்ட்டின் விகிதமும் வேறுபடுகின்றன என்று பொருள். இரண்டையும் 1:2 ஆக்கினால் திரும்பி வரும்.

அளவெண்ணை ஒருபோதும் கையால் தட்டச்சிட்டு மாற்றாதீர்கள். வடிவம் தவறாக இருந்தால் வடிவத்தைத் திருத்துங்கள். எண் தானாக மாறும். கையால் எழுதிய எண், வடிவம் பின்னர் மாறினாலும் பழையபடியே நின்று பொய் சொல்லும்.

கணினியில் தங்கும் அமைப்புகள்

இதுவரை சொன்னவை கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுபவை. ஓஸ்னாப் (வடிவத்தின் குறிப்பிட்ட புள்ளிகளைச் சரியாகப் பிடிக்கும் வசதி), தானியங்கிச் சேமிப்பு ஆகியவை கோப்புடன் பயணம் செய்யாது, கணினியிலேயே தங்கும். கல்லூரிக் கணினியில் பழகிய ஒன்று வீட்டில் வேறு விதமாக நடந்துகொள்வது இதனால்தான். ஓஸ்னாப்பில் முனை, நடு, மையம், வெட்டுமிடம், செங்குத்து ஆகியவை போதும். கோட்டின்மேல் எந்த இடத்தையும் பிடிக்கும் நியரஸ்ட் என்பதை நிரந்தரமாக இயக்கி வைத்தால், முனை என்று நினைத்துப் பிடித்த புள்ளி முனைக்கு ஒரு மயிரிழை தள்ளி விழும். சேவ்டைம் மாறி 10 நிமிடம் என்று இருக்கும், 5 ஆக்கிக்கொள்ளலாம்.

தாளில் வைத்தல்

தாளைக் காட்டும் லேஅவுட் தாவலில் வலச்சொடுக்கிப் பேஜ் செட்டப் மேனேஜரைத் திறந்து, பிடிஎஃப் அச்சுப்பொறியையும், ஐஎஸ்ஓ ஃபுல் பிளீட் என்று தொடங்கும் ஏ3 தாளையும் தேர்ந்தெடுங்கள். சாதாரண ஏ3 என்று இருப்பதில் மென்பொருள் தானாக ஓர் ஓரம் விட்டுக்கொள்வதால் நம் 10 மி.மீ சட்டம் வெட்டுப்பட நேரும். அச்சு விகிதம் 1:1, அச்சுப்பாணி மோனோகுரோம், தடிமன்களை அச்சிடு என்ற கட்டத்தில் குறி. இவை போதும். சட்டத்தையும் டைட்டில் பிளாக்கையும் முதல் கோண வீழலின் குறியீட்டுடன் இந்தத் தாளிலேயே உண்மை அளவில் வரையுங்கள்.

வியூபோர்ட்டுக்குத் தனி லேயர் ஒன்றை உருவாக்கி, அச்சாகாதபடி அமைத்து, அதில் எம்வியூ கட்டளையால் வியூபோர்ட்டைப் போடுங்கள். விகிதம் 1:2 என்று கொடுத்த கையோடு பூட்டிவிடுங்கள். பூட்டாமல் விட்டால், உள்ளே சென்று மவுஸ் சக்கரத்தை ஒரு முறை உருட்டினாலே விகிதம் மாறிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் கடைசி இடத்தில் ஒரு தவறு காத்திருக்கிறது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், துளை இடங்களைக் காட்டும் வரைபடம் ஒன்றை 1:1 விகிதத்தில் அச்சிட்டு, இரும்புத் தகட்டின்மேல் ஒட்டிப் பஞ்ச் அடித்தோம். துளைகள் பொருந்தவில்லை. அளந்து பார்த்தபோது 100 மி.மீ இருக்க வேண்டிய இடத்தில் 97 மி.மீ இருந்தது. வரைபடத்தில் தவறில்லை, பிடிஎஃப் பார்க்கும் மென்பொருளில் தாளுக்கேற்பச் சுருக்கு என்ற தேர்வு இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தத் தகடு வீணானது என் பொறுப்பு. உண்மை அளவு என்ற தேர்விலேயே அச்சிட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

எஸ்பி 46 கையேடு தாளின் ஓரத்தில் 10 மி.மீ பிரிவுகளுடன் 100 மி.மீ நீளமுள்ள ஓர் அளவைக்கோட்டைச் சொல்கிறது. அதை உங்கள் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளில் வரைவது என்பதால் வியூபோர்ட்டின் விகிதம் அதைப் பாதிக்காது. அச்சானதும் இரும்பு ஸ்கேலை அதன்மேல் வைத்துப் பார்த்தால் தாள் சுருங்கியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

இனி ஹவுசிங்கை அழித்துவிட்டு, லேயர்களும் ஸ்டைல்களும் லேஅவுட்டும் மட்டும் இருக்கும் கோப்பை டிடபிள்யூடி வகையில் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். சேமிக்கும்போது அளவு முறையைக் கேட்கும். மெட்ரிக் என்று கொடுங்கள். பின்னர் ஆப்ஷன்ஸ் கட்டளையில் ஃபைல்ஸ் பக்கத்தில், டெம்ப்ளேட் அமைப்புகளுக்குக் கீழே, புதிய கோப்பைத் திறக்கும் கியூநியூ என்பதற்கு இந்தக் கோப்பின் இடத்தைக் காட்டிவிடுங்கள். அடுத்த முறை புதிய கோப்புக்கான பொத்தானை அழுத்தும்போது ஏ3 சட்டமும் 1:2 வியூபோர்ட்டும் காத்திருக்கும். வேறு விகிதம் தேவைப்பட்டால் வியூபோர்ட்டையும் அன்னோட்டேஷன் விகிதத்தையும் மாற்றினால் போதும்; 0.5, 0.25, 3.5 ஆகிய எண்களில் எதையும் தொட வேண்டியிராது.